மகாதமனிக் குறுக்கம்: கைக்குழந்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகு எப்படி இருக்கும்?

ஊதாப்பூ

எல்லோருக்கும் வணக்கம். என் பாப்பா பிறந்து இரண்டு வாரம்கூட முடியவில்லை. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியில் குறுக்கம், கோஆர்க்டேஷன் என்று சொல்லிவிட்டார்கள். பிறந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. கையிலும் காலிலும் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்கள், அதுவும் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பால் குடிக்க ஆரம்பித்தாலே மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வேர்க்கும், பாதி குடிப்பதற்குள் சோர்ந்து தூங்கிவிடுவாள். கால் மட்டும் ஜில்லென்று இருக்கும். செக்கப்புக்குப் போனபோது டாக்டர் அவள் தொடை இடுக்கில் விரலை வைத்து நாடியைத் தேடிக்கொண்டே இருந்தார். கையில் கிடைத்த நாடி அங்கே கிடைக்கவில்லை. உடனே எக்கோ எடுத்து, அன்றைக்கே ஐசியுவில் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது புரோஸ்டாகிளாண்டின் மருந்து ஓடுகிறது, பாப்பா கொஞ்சம் தெளிவாக இருக்கிறாள். இந்த வாரத்துக்குள் ஆபரேஷன். டாக்டர்கள் பொறுமையாகத்தான் விளக்குகிறார்கள். ஆனால் கேட்கும்போது எதுவும் மனதில் நிற்பதில்லை, எழுந்து வந்த பிறகுதான் கேள்விகள் வருகின்றன.

பிழைத்துவிடுவாளா என்பது முதல் கேள்வி. அப்புறம், இது ஒரே ஆபரேஷனோடு முடிந்துவிடுமா? பலூன் போட்டே சரி செய்யலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், அது உண்மையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி

தங்கச்சி, முதலில் நன்றாக மூச்சு விட்டுக்கொள். பாப்பா சரியான இடத்தில் இருக்கிறாள். குழந்தைகள் இதய ஐசியுவில் நர்ஸாகப் பல வருஷம் இரவுப் பணி பார்த்தவள் நான். ஓய்வு பெற்றாலும் இந்தக் குழந்தைகளை மறக்க முடியவில்லை.

பிறந்தபோது ஏன் தெரியவில்லை என்று உன்னையே நீ கேட்டுக்கொண்டிருப்பாய், அதை முதலில் விட்டுவிடு. வயிற்றில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் டக்டஸ் என்ற குழாய் இணைக்கிறது. உடலின் கீழ்ப்பாதிக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பகுதி அந்த வழியாகவே போய்விடும். குறுக்கம் இருக்கும் இடத்தை அப்போது கொஞ்சம் ரத்தம்தான் கடக்கிறது, அதனால் கர்ப்பகால ஸ்கேனிலும் இது எளிதில் பிடிபடாது. பிறந்த பிறகும் அந்தக் குழாய் திறந்திருக்கும் வரை குழந்தை சமாளித்துக்கொள்ளும். சில நாளில் அது மூடத் தொடங்கும். அப்போதுதான் சிறுநீரகம், குடல், கால் எல்லாவற்றுக்கும் ரத்தம் குறைந்து, குழந்தை திடீரென்று துவண்டுபோகும். கிளிப் வைத்துப் பார்க்கும் ஆக்சிஜன் சோதனையில் இந்தக் குறை பல நேரம் தப்பிவிடும். உங்கள் டாக்டர் தொடை நாடியைத் தேடிப் பார்த்தாரே, அதுதான் பாப்பாவைக் காப்பாற்றியது.

இப்போது ஓடும் மருந்து அந்தக் குழாயைத் திறந்தே வைத்திருக்கிறது. சில குழந்தைகளுக்கு அதனால் காய்ச்சல் வரும், நடுநடுவே மூச்சு நின்று நின்று வரும். மானிட்டர் அலாரம் அடித்தால் பயப்படாதே, இதை எதிர்பார்த்தேதான் பக்கத்தில் ஆள் வைத்திருப்பார்கள். சிறுநீர் நன்றாகப் போகிறதா, லாக்டேட் (உடம்புக்கு ரத்தம் போதாவிட்டால் ரத்தத்தில் ஏறும் பொருள்) இறங்கியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள். இரண்டும் சரியாக இருந்தால் குழந்தை ஆபரேஷனுக்குத் தெம்பாகப் போகிறாள். அந்தத் தெம்புதான் பாதி வெற்றி. அதிர்ச்சி நிலையிலேயே தியேட்டருக்குப் போன குழந்தைகளையும், இரண்டு மூன்று நாள் மருந்தில் தேறிப் போன குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் படுக்கையருகே போனாலே வித்தியாசம் தெரியும்.

பாரியின்அப்பா

சகோதரி, என் பையனுக்கும் இதே ஆபரேஷன்தான், பிறந்த முதல் மாதத்தில் செய்தோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், ஓடுகிறான், என்னைவிட வேகமாகப் படி ஏறுகிறான். முதலில் இதைச் சொல்லிவிடத் தோன்றியது.

ஒன்றை மறைக்கவும் விரும்பவில்லை. அவனுக்கு ஆறு மாதம் இருக்கும்போது அதே இடம் மறுபடி சுருங்கிவிட்டது. அப்போது பலூன் வைத்துத்தான் விரித்தார்கள். அதனால் என் மனதிலும் ஒரு கேள்வி உண்டு: முதலிலேயே பலூன் போட்டிருந்தால் நெஞ்சைத் திறக்காமலே முடிந்திருக்குமா? இங்கே விஷயம் தெரிந்த மருத்துவர் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

சிற்றிதயம்

நான் குழந்தைகள் இதய மருத்துவர். பொதுவான விவரங்களைச் சொல்கிறேன். உங்கள் பாப்பாவின் எக்கோவைப் பார்த்தவர்கள் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

பலூன் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கைக்குழந்தையின் குறுக்கத்தில் டக்டஸின் திசு கலந்திருக்கிறது. டக்டஸ் மூடும்போது இந்தத் திசுவும் சுருங்கும். பலூனால் அதை விரிக்கலாம், வெளியே எடுக்க முடியாது. அதனால் பிறந்த சில வாரங்களில் பலூன் மட்டும் போட்டால் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மீண்டும் சுருங்கிவிடுகிறது. தமனிச் சுவர் புடைக்கும் ஆபத்தும் இருக்கிறது. இதயம் மிகவும் தளர்ந்து ஆபரேஷனையே தாங்காது என்ற நிலையில் இருக்கும் குழந்தைக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித்தரப் பலூன் உதவும். மற்றபடி இந்த வயதில் அறுவைதான் முதல் வழி.

ஆனால் அறுவைக்குப் பிறகு மறுபடி சுருங்கினால் நிலைமை வேறு. டக்டஸ் திசு ஏற்கெனவே போய்விட்டது, சுற்றிலும் தழும்பு பிடித்துக் கெட்டியாக இருக்கும். அங்கே பலூன் நன்றாக வேலை செய்கிறது, பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதும். பாரியின் அப்பா, உங்கள் மகனுக்கு இரண்டு முறையும் அந்தந்த நேரத்துக்கு உரிய சிகிச்சைதான் நடந்திருக்கிறது.

உயிர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கோஆர்க்டேஷன் மட்டும் இருந்து, குழந்தை நிலையாகத் தியேட்டருக்குப் போனால், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது குழந்தைகள் நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள். இதயத்தில் பெரிய ஓட்டை, இடது இதயத்தின் மற்ற பாகங்களிலும் வளர்ச்சிக் குறை, குறைமாதம், 2 கிலோவுக்குக் குறைந்த எடை, இப்படி எதாவது சேர்ந்தால் ஆபத்து சில மடங்கு ஏறும். எனவே பொதுவான சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு கவலைப்படுவதைவிட, "கோஆர்க்டேஷன் தவிர இதயத்தில் வேறு என்ன இருக்கிறது?" என்று நேராகக் கேளுங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

இந்த அறுவையின் வரலாறு பெரிய ஆறுதல் தரும். 1944 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபூர்ட் முதன்முதலாகக் குறுகிய பகுதியை வெட்டி எடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். அடுத்த ஆண்டே பாஸ்டனில் ராபர்ட் கிராஸும் செய்தார். ஆனால் அவர்கள் அறுவை செய்தவர்கள் வளர்ந்த பிள்ளைகள், பெரியவர்கள். பிறந்த குழந்தைக்குச் செய்தால் தையல் இடம் குழந்தையோடு சேர்ந்து வளருமா என்பது பெரும் சிக்கலாக இருந்தது. 1966-ல் வால்ட்ஹவுசனும் நார்வோல்டும் இடது கைக்குப் போகும் தமனியையே மடக்கி, குறுக்கத்தின் மேல் ஒட்டாக வைத்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். செயற்கைத் துணி வைத்து அகலப்படுத்தும் முறையும் இருந்தது. வருஷங்கள் போகப் போக அந்தத் துணிக்கு எதிர்ச்சுவர் புடைப்பதைப் பார்த்துப் பலரும் அதைக் கைவிட்டார்கள். 1970-களின் பிற்பாதியில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று புரோஸ்டாகிளாண்டின். மற்றொன்று, குறுக்கத்தையும் டக்டஸ் திசுவையும் முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, மகாதமனி மேலே ஏறிக் கீழே திரும்பும் வளைவின் அடிப்பக்கத்தை நீளமாகத் திறந்து, கீழ் முனையை மேலே இழுத்துச் சாய்வாக அகலமாகத் தைப்பது. இன்று பெரும்பாலான கைக்குழந்தைகளுக்குச் செய்வது இந்த இரண்டாவது முறைதான். இதில் மறுபடி சுருங்குவது நூற்றில் ஐந்து முதல் பத்துக் குழந்தைகளுக்கு. வளைவு சின்னதாக இருந்தாலோ எடை மிகக் குறைவாக இருந்தாலோ அந்த எண்ணிக்கை கூடும்.

ஊதாப்பூ

டாக்டர், கோடி நன்றி. நீங்கள் சொன்னபடியே கேட்டேன். ஓட்டை எதுவும் இல்லையாம். மகாதமனி வால்வு மூன்று இதழுக்குப் பதிலாக இரண்டு இதழாக இருக்கிறதாம். வளைவு "கொஞ்சம் சின்னது, ஆனால் பக்கவாட்டிலிருந்தே செய்துவிடலாம்" என்கிறார்கள். பக்கவாட்டில் என்றால் என்ன? அப்புறம் குரோமோசோம் டெஸ்ட் ஒன்று எடுத்திருக்கிறார்கள். அது எதற்கு என்று கேட்க அந்த நேரத்தில் வாய் வரவில்லை. காலுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தி வைத்துத்தான் தைப்பார்களாமே, அதில் கால் செயலிழந்துபோகும் என்று ஒரு இடத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை.

சிற்றிதயம்

வளைவு போதிய அளவில் இருந்தால் இடது பக்கம், முதுகை ஒட்டி, விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து செய்வார்கள். இதயத்தை நிறுத்த வேண்டியதில்லை, இதய–நுரையீரல் இயந்திரமும் வேண்டாம். வளைவு முழுக்கவே மிகச் சிறியதாக இருந்தாலோ, ஓட்டையையும் சேர்த்து அடைக்க வேண்டியிருந்தாலோ முன்பக்கம் நடுநெஞ்சைத் திறந்து இயந்திரத்தின் துணையோடு செய்வார்கள். பக்கவாட்டில் செய்யலாம் என்றது நல்ல செய்தி.

தைக்கும் நேரத்தில் மகாதமனியைக் கிளாம்ப் போட்டு மூடுவது உண்மைதான். அப்போது கால்களை இயக்கும் தண்டுவடத்துக்கு ரத்தம் குறையும். 1972-ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பில் 12,532 அறுவைகளைப் பார்த்தார்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் 51 பேர், அதாவது ஆயிரத்தில் நான்கு. அது எல்லா வயதினரும் சேர்ந்த பழைய காலத்துக் கணக்கு. கைக்குழந்தைகளுக்குக் கிளாம்ப் நேரம் பெரும்பாலும் 20 நிமிஷத்தை ஒட்டியே முடிந்துவிடும், உடல் சூட்டையும் ஓரிரண்டு டிகிரி இறக்கி வைப்பார்கள். என் அனுபவத்தில் ஒரு குழந்தைக்கும் இதை நான் பார்த்ததில்லை. ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிகமிக அரிது. இன்றிரவு நீங்கள் தூங்கலாம்.

குரோமோசோம் சோதனை பெண் குழந்தை என்பதால். கோஆர்க்டேஷன் உள்ள பெண் குழந்தைகளில் சிலருக்கு டர்னர் சின்ட்ரோம் இருக்கும். ஒரு எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத நிலை அது. இருந்தால் உயரம், ஹார்மோன், சிறுநீரகம் இவற்றையும் ஆரம்பத்திலிருந்தே கவனிக்கலாம் என்பதற்காகத்தான். இரண்டிதழ் வால்வும் இந்தக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் இருப்பதுதான். இப்போதைக்கு அது ஒன்றும் செய்யாது, வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் போதும். இடது இதயக் குறைகள் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதால், நீங்களும் அவள் அப்பாவும் அவசரமில்லாமல் பிறகு ஒருநாள் எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கர்ப்பமானால் கருவின் இதயத்துக்கென்றே தனி ஸ்கேன் கேளுங்கள்.

தெளிநீர்

நான் மருத்துவத் துறை இல்லை, ஒரு பெரியப்பாவாகப் பேசுகிறேன். தம்பி மகளுக்கு இதே அறுவை நடந்தது. அறுவை பிரமாதமாக முடிந்தது. அதன் பிறகு வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? ஓடாதே, அழாதே, குதிக்காதே என்று அந்தக் குழந்தையைக் கண்ணாடிப் பொருளாக வளர்த்தார்கள். எக்கோவுக்குத் தேதி வந்தாலே வீடு முழுக்கத் துக்க வீடாகிவிடும். இப்போது அவளுக்குப் படிக்கட்டு ஏறவே பயம். இதயத்தில் ஒன்றும் இல்லை, மனதில்தான் பயம்.

அதனால் கேட்கிறேன். குறுக்கத்தை வெட்டி எடுத்தாயிற்று, ரத்தம் ஓடுகிறது, அப்புறம் எதற்கு வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரி? "சரியாகிவிட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லி அந்தக் குழந்தையைச் சாதாரணமாக வாழ விடக்கூடாதா?

வலக்கை

தெளிநீர் ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. நானே அப்படி வளர்க்கப்பட்டவன்தான், அதனால் அந்தக் குழந்தையின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்ல வேண்டும். கைக்குழந்தையாக அறுவை செய்துகொண்டு இன்று நாற்பதை நெருங்குகிறேன்.

எனக்குச் செய்தது டாக்டர் சொன்ன, இடது கைத் தமனியை மடக்கித் தைக்கும் முறை. என் இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கும், கொஞ்சம் குட்டை. சட்டை தைப்பவர் அளவெடுக்கும்போது மட்டும் கவனிப்பார், வேறு யாருக்கும் தெரியாது. பாரம் தூக்குவதில் குறை இல்லை. ஆனால் இடது கையில் பிபி பார்த்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். மணிக்கட்டில் நாடி மெலிசாக இருக்கும். கல்லூரியில் சேரும்போது மருத்துவப் பரிசோதனைக்கு வந்தவர் இடது கையில் பட்டையைச் சுற்றி, நார்மல் என்று எழுதினார். வலது கையில் பாருங்கள் என்று கையை நீட்டினேன். மேல் அளவு 150-ஐத் தாண்டியது. அவர் மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டு, தான் எழுதியதை அடித்துத் திருத்தினார்.

என் மகாதமனியில் இப்போது குறுக்கம் இல்லை. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட்டார்கள், வழி அகலமாக இருக்கிறது. அப்படியும் ரத்த அழுத்தம் இருக்கிறது. இதைத்தான் பலரால் நம்ப முடிவதில்லை. அடைப்பு போனாலும் அழுத்தம் வரலாம். அதற்காக நான் நோயாளியாகத் திரிவதில்லை. காலையில் ஒரு மாத்திரை, வருஷத்துக்கு ஒரு செக்கப். நீந்துகிறேன், மலை ஏறுகிறேன், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய எடை தூக்குவதை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

செக்கப்பே வேண்டாம் என்று விட்டிருந்தால் அந்த 150 யாருக்கும் தெரியாமல் பத்து வருஷம் இதயத்தை இடித்துக்கொண்டிருக்கும்.

சிற்றிதயம்

வலக்கை எழுதியதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஏன் அப்படி நடக்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் விரிக்கிறேன்.

குறுக்கம் ஒரு இடத்தில் தெரிந்தாலும் கோளாறு அந்த இடத்தோடு நிற்பதில்லை. மேல் உடலின் தமனிச் சுவர்களே பிறவியிலேயே சற்று விறைப்பாக இருக்கின்றன. அழுத்தத்தை உணர்ந்து சரிசெய்யும் நரம்பு முனைகள் உயர்ந்த அளவுக்கே பழகிவிடுகின்றன. அறுவைக்குப் பிறகு வளைவின் வடிவம் கூராக ஏறி இறங்கினால் அதுவும் அழுத்தத்தைக் கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. சீக்கிரமே அறுவை செய்த குழந்தைகளுக்கு இந்த வாய்ப்பு குறைவு, ஆனால் அடியோடு இல்லாமல் போவதில்லை. 24 மணி நேரம் பட்டையைக் கட்டி அளந்து பார்த்த ஆய்வுகளில், நன்றாக அறுவை செய்யப்பட்ட பள்ளிப் பிள்ளைகளிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் கூடுதலாக இருந்தது. கிளினிக்கில் ஒருமுறை மட்டும் பார்த்தால் இவர்களில் பலருக்கு அது பிடிபடாமல் போய்விடும்.

நீண்டகால ஆயுளைப் பற்றிப் பலரும் மேற்கோள் காட்டுவது அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை வெளியிட்ட கணக்கு. 1946-க்கும் 1981-க்கும் இடையே அறுவை செய்த 646 பேரைப் பின்தொடர்ந்தார்கள். பத்து வருஷம் கழித்து 91 சதவீதம், இருபது வருஷத்தில் 84, முப்பது வருஷத்தில் 72 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஊதாப்பூ, இந்த எண்ணைத் தற்செயலாகப் படித்தால் நெஞ்சு பதறும், அதனால்தான் நானே எடுத்துச் சொல்கிறேன். அந்தத் தொகுப்பில் பெரும்பாலானவர்கள் வளர்ந்த பிறகு அறுவை செய்துகொண்டவர்கள், பல வருஷம் உயர்ந்த அழுத்தத்தோடு வாழ்ந்தவர்கள். சிறுவயதிலேயே செய்துகொண்டவர்களின் ஆயுள் அதே கணக்கில் தெளிவாக மேலாக இருந்தது. சிகிச்சையே இல்லாத காலத்தில், குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்களின் சராசரி ஆயுள் 35 வயதை ஒட்டித்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் கண்டுபிடித்து, இன்றைய முறையில் அறுவை செய்து, அழுத்தத்தை ஒழுங்காகக் கவனிக்கும் குழந்தையின் பாதை வேறு.

தெளிநீர் ஐயா, "சரியாகிவிட்டது" என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நான் பெற்றோரிடம் சொல்வது: "வழி திறந்துவிட்டது, விளையாட விடுங்கள், அழுத்தத்தை மட்டும் என்னிடம் விடுங்கள்." ஓடாதே என்று சொல்ல மருத்துவக் காரணம் எதுவும் இல்லாத குழந்தையை ஓடவிடாமல் வைப்பது கெடுதல்தான், அதில் நானும் உங்கள் பக்கம். இந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டமும் விளையாட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும்கூட.

தெளிநீர்

டாக்டர், வலக்கை தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. செக்கப் வேண்டாம் என்று இனிச் சொல்ல மாட்டேன். விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை என்று டாக்டர் எழுதியதைத் தம்பி வீட்டில் படித்துக் காட்டப்போகிறேன். அவர்களிடம் யாராவது இப்படித் தெளிவாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஊதாப்பூ

ஆபரேஷன் முடிந்துவிட்டது! நீங்கள் எல்லோரும் கூடவே இருந்த மாதிரி இருந்தது.

முதுகுப் பக்கம் இடது கை அக்குளுக்குக் கீழே வளைவாக ஒரு தையல். விலாவில் ஒரு டிரெயின் குழாய். நேற்று நர்ஸ் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பாப்பாவின் தொடை இடுக்கில் வைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை, "அழுத்தாதீங்க, லேசா வைங்க" என்றார். விரலைத் தளர்த்தியதும் டக் டக் என்று அடித்தது. பாதமும் வெதுவெதுப்பாக இருக்கிறது. அழுதுவிட்டேன்.

ஆனால் பிபி கூடிவிட்டது என்று ஒரு மருந்து ஓட்டுகிறார்கள். குறுக்கத்தை எடுத்த பிறகு குறையத்தானே வேண்டும்? பால் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மூச்சுக் குழாயை எடுத்த பிறகு அழுகைச் சத்தம் கம்மலாக, காற்று மாதிரி வருகிறது. இதெல்லாம் சரிதானா அக்கா?

இரவுப்பணி

தங்கச்சி, நாடி கிடைத்த செய்தியைப் படித்ததும் எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பிபி ஏறுவது இந்த அறுவைக்குப் பிறகு நாங்கள் எதிர்பார்ப்பதுதான். இத்தனை நாள் குறுக்கத்தைத் தள்ளிக் கடக்கப் பழகிய உடம்பு, வழி திறந்ததும் உடனே அடங்காது. முதல் நாள் அட்ரினலின் வகை ஹார்மோன்களால் ஏறும். அடுத்த இரண்டு மூன்று நாளில் சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின் என்ற சுரப்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். புதுத் தையலுக்கு அழுத்தம் ஆகாது என்பதால்தான் ஊசி மருந்து. மெதுவாகக் குறைத்து வாய் மருந்துக்கு மாற்றுவார்கள். சில குழந்தைகள் அதைச் சில வாரம் வீட்டிலும் குடிக்க வேண்டியிருக்கும்.

பாலைத் தாமதிப்பதும் அதோடு சம்பந்தப்பட்டதுதான். குறைந்த அழுத்தத்தில் இருந்த குடல் தமனிகளுக்குத் திடீரென்று முழு அழுத்தம் போகிறது. அவசரப்பட்டுப் பால் கொடுத்தால் வயிறு உப்பி வலிக்கலாம், குடலே பாதிக்கப்படலாம். சொட்டுச் சொட்டாகத்தான் ஆரம்பிப்பார்கள். வயிறு உப்புகிறதா, மலத்தில் ரத்தம் தெரிகிறதா என்று கவனிப்பார்கள்.

அழுகைச் சத்தத்தை மட்டும் நாளை காலை ரவுண்ட்ஸில் நீயே வாய் திறந்து சொல். மூச்சுக் குழாய் உரசியதாலும் குரல் கம்மும், அது இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும். ஆனால் குரல்வளையின் இடது பக்கத்துக்குப் போகும் நரம்பு சரியாக அந்த டக்டஸைச் சுற்றித்தான் வளைந்து போகிறது. அறுவையில் அது இழுபட்டிருந்தால் குரல்நாண் ஒரு பக்கம் அசையாமல் நிற்கும். பெரும்பாலும் சில வாரத்திலோ மாதத்திலோ மீண்டுவிடும். அதுவரை பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் பார்க்க வேண்டும். வாயால் பால் கொடுப்பதற்கு முன்னால் குரல்நாணைப் பார்த்துவிடுவீர்களா என்று கேள். குடிக்கும்போது இருமினாலோ, பால் குடித்த பிறகு தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தாலோ நிறுத்திவிட்டு உடனே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பால் ஆரம்பித்த பிறகு டிரெயின் குழாயில் வரும் நீர் பால் வெள்ளையாக மாறினால் நிணநீர்க் குழாய் ஒன்று கசிகிறது என்று அர்த்தம். அப்படி ஆனால் கொஞ்ச நாள் வேறு வகைக் கொழுப்பு உள்ள பாலுக்கு மாற்றுவார்கள், பெரும்பாலும் தானாக அடைத்துக்கொள்ளும். உன் பாலைப் பிழிந்து உறைய வைத்துச் சேமித்துக்கொண்டே இரு. அது வீண்போகாது.

பாரியின்அப்பா

வாழ்த்துகள் சகோதரி! வீட்டுக்குப் போன பிறகு முதல் வருஷத்து செக்கப் ஒன்றையும் தவறவிடாதீர்கள். மறுபடி சுருங்குவதென்றால் பெரும்பாலும் அந்த வருஷத்துக்குள்தான். பாரிக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை, நன்றாகப் பால் குடித்துக்கொண்டு, எடை ஏறிக்கொண்டுதான் இருந்தான். வழக்கமான செக்கப்பில் கைக்கும் காலுக்கும் அழுத்த வித்தியாசம் 30 இருந்ததால் கண்டுபிடித்தார்கள். தொடை வழியாகப் பலூன் போட்டார்கள், ஒரு இரவு வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். முதல் அறுவையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. வந்தாலும் வழி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

ஊதாப்பூ

குரல்நாணைப் பார்த்தார்கள் அக்கா. இடது பக்கம் அசைவு குறைவாம், ஆனால் வலது பக்கம் நன்றாக ஈடுகொடுக்கிறதாம். அதனால் கொஞ்சம் கெட்டியாக்கிய பாலைப் பக்கவாட்டில் படுக்கவைத்து மெதுவாகக் கொடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நேற்று கொடுத்த பாலை முழுதாகக் குடித்தாள், நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. குரோமோசோம் ரிப்போர்ட்டும் நார்மல். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள் போல.

வீட்டில் பிபி மெஷின் வாங்கி வைத்து நானே பார்க்கலாமா டாக்டர்?

சிற்றிதயம்

இந்த வயதில் வேண்டாம். அழும் குழந்தைக்கும் தூங்கும் குழந்தைக்கும் அளவு அவ்வளவு மாறும், நீங்கள் இரவெல்லாம் மெஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். செக்கப்புக்கு வரும்போது நாங்கள் வலது கையிலும் ஒரு காலிலும் சேர்த்துப் பார்ப்போம். பட்டையின் அகலம் கையின் சுற்றளவில் ஏறத்தாழ 40 சதவீதம் இருக்க வேண்டும். சின்னப் பட்டையைச் சுற்றினால் பொய்யாகக் கூடுதல் காட்டும். வேறு எங்காவது காய்ச்சலுக்குக் காட்டப் போனாலும் வலது கையில் பார்க்கச் சொல்லுங்கள். கையில் காட்டும் அளவு காலைவிட 20-க்கு மேல் கூடுதலாக இருந்தால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது: பால் குடிக்கும் நேரம் மறுபடி நீள்கிறதா, வேர்க்கிறதா, எடை நிற்கிறதா, மூச்சு வாங்குகிறதா. தொடை நாடியைத் தொட உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள், குளிப்பாட்டும்போது எப்போதாவது லேசாக வைத்துப் பார்க்கலாம். தினமும் வேண்டாம். தடுப்பூசிகளை எப்போது தொடர்வது என்று டிஸ்சார்ஜ் நாளில் கேட்டுவிடுங்கள்.

வலக்கை

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு ஆபரேஷன் நோட் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்த முறையில் செய்தார்கள், இடது கைத் தமனியைத் தொட்டார்களா, வால்வு எப்படி, கிளம்பும்போது கைக்கும் காலுக்கும் வித்தியாசம் எவ்வளவு, இத்தனையும் அதில் இருக்க வேண்டும். எனக்கு முப்பது வயதில் எம்ஆர்ஐ எடுத்த டாக்டர் முதலில் கேட்டதே அந்தத் தாளைத்தான். என் அம்மா அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். நீங்கள் போனில் படம் எடுத்து இரண்டு மூன்று இடத்தில் சேமித்துவிடுங்கள். பாப்பா பெரியவளானதும் அவள் கையிலேயே கொடுத்து, என்ன செய்திருக்கிறார்கள் என்று அவள் வாயாலேயே சொல்லும் அளவுக்குக் கற்றுக்கொடுங்கள். பதினெட்டு வயதில் குழந்தைகள் டாக்டரிடமிருந்து பெரியவர்கள் டாக்டருக்கு மாறும் சமயத்தில்தான் நிறையப் பேர் செக்கப்பை விட்டுவிடுகிறார்கள்.

ஊதாப்பூ

நோட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் அண்ணா, நாளை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் செக்கப் அடுத்த வாரம். எக்கோ ரிசல்ட் வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.